பிரவுனிக்கு லிம்போமா: மாத்திரை அட்டையைப் பிரிக்கும் முன்

திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் எட்டு வயது ஆண் லாப்ரடார், பெயர் பிரவுனி, எடை 31 கிலோ. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவு வீக்கம் கையில் தட்டியிருக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்து, பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் இருக்கிறது என்று சொல்லி, ஊசியில் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். லிம்போமா, அதாவது நெறி என்கிற நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய் என்று முடிவு வந்தது. பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதிக் கொடுத்து, "வேண்டுமானால் கீமோ பார்க்கலாம், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அத்தைக்குக் கீமோ கொடுத்தபோது கூடவே இருந்து பார்த்த அப்பா, "வாயில்லா ஜீவனை அந்தப் பாடு படுத்தாதே" என்கிறார். தங்கையோ கடன் வாங்கியாவது செய்யலாம் என்கிறாள். பிரவுனி தட்டைக் காலி செய்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறான். மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறதாம்.

அட்டையைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு நிம்மதி தந்த வரி அதுதான். கீமோவா இல்லையா என்று முடிவாகும் வரை அது அங்கேயே இருக்கட்டும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. லிம்போமா செல்களைக் கொல்லும் சக்தி அதற்கு உண்டு. போட்ட இரண்டு மூன்று நாளிலேயே கட்டிகள் வற்றத் தொடங்கும், வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்த மாதிரி இருக்கும். ஆனால் எல்லாச் செல்லையும் அது கொல்வதில்லை. தப்பிப் பிழைப்பவற்றில் பல, உள்ளே நுழையும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பம்பைத் தங்கள் சுவரில் நிறைய வைத்திருப்பவை. கீமோவில் முக்கியமான வின்கிரிஸ்டினையும் டாக்ஸோரூபிசினையும் அதே பம்பு வெளியே தள்ளிவிடும். மூன்று நான்கு வாரம் மாத்திரையில் ஓட்டிவிட்டு, "சரி, இப்போது கீமோ ஆரம்பிக்கலாம்" என்று வந்தால், கிடைத்திருக்க வேண்டிய காலத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருக்கும். போதாததற்கு, மாத்திரை போட்ட பிறகு எடுக்கும் மாதிரியில் நோயின் வகையைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படித்து முடித்து வந்த புதிதில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நெறி கட்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சல்தான் என்று நானே முடிவு செய்து, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியையும் சேர்த்துப் போட்டேன். ஒரே வாரத்தில் வற்றியது. வீட்டுக்காரர் பழக்கூடையோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அப்போதுதான் ஊசி விட்டுப் பார்த்தேன், லிம்போமா. கீமோவில் அது தாக்குப்பிடித்தது கொஞ்ச காலம்தான். முப்பது வருடமாகிறது, அந்தப் பழக்கூடை இன்னும் உறுத்துகிறது.

உண்ணிக் காய்ச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் நெறி கட்டிய நாய் என்றால் எர்லிக்கியா கிருமியை ஒதுக்காமல் மேலே போகக் கூடாது. உண்ணியால் பரவும் அந்தக் காய்ச்சலிலும் நெறி கட்டும், ரத்தத் தட்டணுக்கள் குறையும், நாய் மெலியும். ஆனால் அதில் நெறிகள் பெரும்பாலும் ஓரளவுக்குத்தான் வீங்கும். எலுமிச்சை அளவில், வலியே இல்லாமல், கெட்டியாக, உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் லிம்போமா பக்கம்தான் சந்தேகம் போகும். இரண்டும் ஒரே நாயில் சேர்ந்து இருப்பதையும் பார்த்திருக்கிறேன். தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும் நாய்க்குக் கீமோ கொடுத்தால் ஆபத்து. அதனால் ரத்தத்தில் எர்லிக்கியாவும், உண்ணியால் பரவும் இன்னொரு கிருமியான பாபேசியாவும் இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். எர்லிக்கியா இருந்தால் டாக்ஸிசைக்ளினை நான்கு வாரம் கொடுப்பது வழக்கம். லிம்போமா சிகிச்சை அதற்காக நான்கு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோவது என்று டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அடுத்து அந்த அறிக்கை. "லிம்போமா" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரிந்திருக்கிறது. மாதிரியை எந்த நெறியிலிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். தாடைக்கு அடியில் உள்ளவை பல்லில் காரை பிடித்தாலே வீங்கிக் குழப்பும், முட்டிக்குப் பின்னால் உள்ளதில் எடுத்திருந்தால் நம்பிக்கை கூடும். பெரிய செல்லா சிறிய செல்லா என்றும் கேளுங்கள். சிறிய செல் வகைகளில் சில மிக மெதுவாக நகர்பவை. அவற்றில் ஒன்று கோல்டன் ரிட்ரீவர்களிடம் அடிக்கடி காணப்படும், பெரிய சிகிச்சை இல்லாமலே இரண்டு வருடத்துக்கு மேலும் ஓடும். அந்த நாய்க்குப் பதறிப்போய் முழுக் கீமோ கொடுப்பது வீண் வேலை. ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு வருவது வேகமான பெரிய செல் வகைதான்.

அதிலும் பி செல், டி செல் என்று இரண்டு கிளை. பி செல்லானால் மருந்துக்கு நன்றாக மசியும், டி செல் முரண்டு பிடிக்கும். இதைப் பிரித்துச் சொல்லத் தனிச் சாயப் பரிசோதனை வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது, மாதிரியைப் பெரிய நகர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அது வரும் வரை இரண்டு சாதாரணப் பரிசோதனைகள் கொஞ்சம் கோடு காட்டும்: ரத்தத்தில் கால்சியமும் நெஞ்சு எக்ஸ்ரேயும். கால்சியம் எகிறியிருந்தாலோ நெஞ்சுக்குள் நடுவில் ஒரு கட்டி தெரிந்தாலோ டி செல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரவுனி வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானா, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறானா என்று கவனித்தீர்களா? கால்சியம் கூடினால் அப்படி நடக்கும். கூடிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதைத் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்று, நாய் இப்போது எப்படி இருக்கிறது என்பது. சாப்பிட்டு, வாலாட்டி, நடந்து திரியும் நாயை ஒரு பிரிவாகவும், காய்ச்சலும் வாந்தியும் மெலிவுமாக வரும் நாயை வேறு பிரிவாகவும் வைப்போம். முதல் பிரிவுக்கு எந்தச் சிகிச்சையிலும் பலன் கூடுதல். பிரவுனி முதல் பிரிவில் இருக்கிறான். அதுவரை நல்லதுதான்.

சரி, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பும் எண்ணுக்கு வருகிறேன். ஒன்றுமே செய்யாமல் விட்டால் பெரிய செல் லிம்போமாவில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். பிரெட்னிசோலோன் மட்டும் கொடுத்தால் ஒன்று இரண்டு மாதம், சில நாய்களுக்கு மூன்று. நான்கு மருந்துகள் சேர்ந்த, சாப் என்று சுருக்கமாகச் சொல்லும் முழுக் கீமோவில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது நாய்களுக்குக் கட்டிகள் வற்றும், நாய் பழையபடி ஆகிவிடும். பி செல்லானால் அதன் பிறகு கிடைக்கும் மொத்தக் காலம் சராசரியாக 10 முதல் 14 மாதம், டி செல்லானால் 6 முதல் 9 மாதம். ஐந்தில் ஒரு நாய் இரண்டு வருடத்தைத் தாண்டும். சராசரி என்றால் பாதி நாய்கள் அதற்கு முன்பே போய்விடும் என்றும் அர்த்தம், அதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாகக் குணமாவது மிக மிக அரிது. அப்படி வாக்குக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள்.

"ஒரு வருடத்துக்காகவா இவ்வளவு" என்று அப்பா கேட்பார். லாப்ரடாரின் ஆயுள் பத்து முதல் பன்னிரண்டு வருடம். எட்டு வயது நாய்க்கு ஒரு வருடம் என்பது மிச்சமிருக்கும் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு. அவனுக்கு அது சின்னக் கணக்கு இல்லை.

அப்பாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அத்தைக்கு என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தவர். ஆனால் அத்தைக்குக் கொடுத்ததும் பிரவுனிக்குக் கொடுப்பதும் ஒரே மருந்துகளாக இருந்தாலும் ஒரே வைத்தியம் இல்லை. உடம்பின் மேற்பரப்பை வைத்துத்தான் அளவு போடுவோம். 31 கிலோ நாய்க்குக் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர், கணக்குப் போட வசதியான நாய். மனிதர்களின் லிம்போமாவுக்கு இதே சாப் முறையில் ஒரு சதுர மீட்டருக்கு சைக்ளோபாஸ்பமைடு 750 மில்லிகிராம், டாக்ஸோரூபிசின் 50, வின்கிரிஸ்டின் 1.4 என்று ஒரே நாளில் சேர்த்து ஏற்றி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுப்பார்கள். நாய்க்கு அதே சதுர மீட்டருக்கு 250, 30, 0.7. அதையும் ஒன்றாக ஏற்றாமல் வாரத்துக்கு ஒரு மருந்தாகப் பிரித்துக் கொடுக்கிறோம். மனிதருக்கு நோக்கம் வேரோடு அழிப்பது, அதற்காக எவ்வளவு கஷ்டமானாலும் தாங்கச் சொல்கிறோம். நாயிடம் "ஆறு மாதம் பொறுத்துக்கொள், அப்புறம் நன்றாக இருப்பாய்" என்று விளக்க முடியாது. அதனால் இன்றைய நாள் கெடாத அளவுக்கு மேல் போவதில்லை என்பதுதான் நாய்க் கீமோவின் அடிப்படை. முழுக் குணம் கிடைக்காததற்கு ஒரு காரணமும் அதுவே. அப்பாவிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். அத்தையின் பெயரைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

முழு முறை 19 வாரம் ஓடும். முதல் வாரம் வின்கிரிஸ்டின் ஊசி, இரண்டாம் வாரம் சைக்ளோபாஸ்பமைடு, மூன்றாம் வாரம் மறுபடி வின்கிரிஸ்டின், நான்காம் வாரம் டாக்ஸோரூபிசின், ஐந்தாம் வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று, மொத்தம் பதினாறு முறை. பிரெட்னிசோலோன் முதல் நான்கு வாரம் மட்டும், குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடுவோம். ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மாத்திரைக்கு இந்த முறையிலும் இடம் உண்டு, ஆனால் முதல் ஊசியோடு சேர்ந்து வர வேண்டும்.

பக்க விளைவு இல்லையென்று சொன்னால் பொய். ஊசி போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் சில நாய்கள் ஒன்றிரண்டு முறை வாந்தி எடுக்கும், வயிறு இளகும், ஒரு நாள் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. அதற்கு மாரோபிடன்ட், ஆன்டான்செட்ரான் போன்ற மருந்துகளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவோம். பயப்பட வேண்டியது ஏழாம் நாளை ஒட்டி வருவது. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் சமயம் அது. அந்த நாட்களில் நாய் சோர்ந்து படுத்தால் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இப்படி மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்குப் போவது நூற்றில் ஒரு சில நாய்கள்தான், ஆனாலும் அந்த ஒன்று நம்முடையதாக இருக்கலாம். லாப்ரடாருக்கு முடி கொட்டாது, மீசை உதிரலாம், சிரைத்த இடத்தில் முடி மெதுவாக வளரும். பூடில் மாதிரி முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குத்தான் கொட்டும்.

மருந்துக்கு மருந்து குணமும் வேறு. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தமாகப் போகவைக்கும். அதனால் காலையில் கொடுத்து, நிறையத் தண்ணீர் வைத்து, அன்று முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப்போக வேண்டும். டாக்ஸோரூபிசின் சேரச் சேர இதயத் தசையைக் கெடுக்கும். வாழ்நாள் அளவு ஒரு சதுர மீட்டருக்கு 180 மில்லிகிராமுக்குள் நிற்பது வழக்கம். முழு முறையில் நான்கு தடவைக்கு 120-தான் ஆகிறது. இருந்தாலும் முதல் ஊசிக்கு முன் ஒரு எக்கோ எடுத்துவிடுவது நல்லது, டாபர்மேனாகவோ பாக்ஸராகவோ இருந்தால் கட்டாயம். டாக்ஸோரூபிசினும் வின்கிரிஸ்டினும் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகிப்போகும், டாக்ஸோரூபிசின் கசிந்து காலையே இழந்த நாய்கள் உண்டு. அதனால் புதிதாகப் போட்ட, ஒரே குத்தில் இறங்கிய கான்யூலா (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) வேண்டும், நாய் துள்ளாமல் பிடிக்க ஆள் வேண்டும். நல்லவேளையாக லாப்ரடார்கள் பிஸ்கட்டைக் கண்டால் கையைக் காலைக் கொடுத்துவிட்டு நிற்கும்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ கைக்குழந்தை இருந்தாலோ, ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் நாயின் சிறுநீர், மலம், வாந்தி எதையும் அவர்கள் தொடக் கூடாது. மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சைக்ளோபாஸ்பமைடு மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம்.

எங்கே செய்வது? சென்னை வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி, நான் சொல்லாமலே நீங்கள் அதைத்தான் யோசித்திருப்பீர்கள். ஆனால் திருச்சியிலிருந்து ஒவ்வொரு வாரமும் 330 கிலோமீட்டர் போய் வருவது நாய்க்கும் நல்லதில்லை, உங்கள் வேலைக்கும் நல்லதில்லை. நாமக்கல்லிலும் தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே போன் போட்டு, லிம்போமாவுக்குக் கீமோ கொடுக்கிறார்களா, டாக்ஸோரூபிசின் போடுகிறார்களா, எந்தக் கிழமை வரச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் ஊர் டாக்டரையும் குறைத்து எடைபோட வேண்டாம். தெருநாய்களிடம் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ரத்தம் சொட்டும் கட்டி ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். அதுவும் புற்றுநோய்தான். கிருமியால் பரவாமல், இணை சேரும்போது புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றிக்கொள்ளும் விசித்திரமான நோய். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்கள் இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியாக நான்கைந்து போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிவிடும். அதனால் நம் ஊரில் சிறு பிராணி பார்க்கும் டாக்டர்களுக்கு வின்கிரிஸ்டின் கைவந்த மருந்து, வெளிநாட்டு டாக்டர்கள் பலரைவிட அதிகமாகவே போட்டிருப்பார்கள். பிரவுனிக்கு வின்கிரிஸ்டின் வாரங்களையும் ரத்தப் பரிசோதனைகளையும் திருச்சியிலேயே வைத்துக்கொண்டு, டாக்ஸோரூபிசினுக்கு மட்டும் கல்லூரிக்குப் போவது சாத்தியமா என்று இரண்டு டாக்டர்களையும் பேசவையுங்கள். ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் தெரிந்துகொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எடை, மருந்து, அளவு, அன்றைய அணுக்களின் எண்ணிக்கை, இவ்வளவுதான். நோட்டை மறந்துவிட்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

செலவைப் பற்றித் தங்கை கடன் வரைக்கும் போய்விட்டாள். இந்த மருந்துகள் எல்லாம் மனிதர்களுக்கான பழைய மருந்துகள், அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, அதனால் விலைக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. நாய்க்குத் தேவைப்படும் அளவும் குறைவு. வின்கிரிஸ்டின் ஒரு மில்லிகிராம் குப்பியில் பிரவுனிக்கு வேண்டியது முக்கால்வாசிக்கும் குறைவு. பணம் கரைவது வேறு இடத்தில்: ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்தப் பரிசோதனை, எக்கோ, ஸ்கேன், டாக்டர் கட்டணம், கார் வாடகை, நடுவில் ஒரு காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் படுக்கை. முதல் மாதத்துக்கு எவ்வளவு, முழுதுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நோய் வந்த பிறகு எடுக்கும் காப்பீடு இதற்கு உதவாது. கடன் வாங்கித்தான் முடியும் என்றால், கொஞ்சம் பொறுங்கள், நடுவில் ஒரு வழி இருக்கிறது.

டாக்ஸோரூபிசின் மட்டும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து தடவை. பதினாறு பயணம் ஐந்தாகிவிடும். கிடைக்கும் காலம் முழு முறையைவிடக் குறைவு, சராசரியாக 6 முதல் 8 மாதம். வெளியூர்க்காரர்களுக்கும், தினசரி வேலைக்குப் போகும் ஒற்றை ஆள் வீடுகளுக்கும் நான் இதைத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். முழு முறையைத் தொடங்கிவிட்டு ஏழாம் வாரத்திலிருந்து தேதி தவறவிடுவதைவிட, ஐந்து தேதியை ஒழுங்காகக் காப்பாற்றுவது நல்லது.

எதைத் தொடங்கினாலும் ஒன்றை மனதில் வையுங்கள். கீமோ என்பது தாலி கட்டுவது இல்லை. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் பாருங்கள். கட்டி வற்றி, நாய் நன்றாக இருந்தால் இரண்டாவது. இரண்டு ஊசிக்குப் பிறகும் வற்றவில்லை, அல்லது ஒவ்வொரு ஊசிக்கும் அவன் ஒரு வாரம் துவண்டு போகிறான் என்றால், நிறுத்திவிட்டு மாத்திரைக்குப் போய்விடலாம். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. மாத்திரையில் தொடங்கிவிட்டுக் கீமோவுக்கு வருவதுதான் கஷ்டம், கீமோவிலிருந்து மாத்திரைக்குப் போகும் கதவு எப்போதும் திறந்திருக்கும். உங்கள் வீட்டில் இரண்டு கட்சியாக இருப்பதால் இதைச் சொல்கிறேன். "ஒரே ஒரு ஊசி, ஒரு வாரம்" என்றால் அப்பா ஒருவேளை சம்மதிப்பார்.

என் அபிப்பிராயம் கேட்டால்: தட்டணுக்கள் சரியாக இருந்து, கால்சியம் இயல்பாக இருந்து, பிரவுனி இப்போது போலவே இருந்தால், நான் முதல் ஊசியைப் போட்டுப் பார்ப்பேன். டி செல் என்று வந்து, நாயும் துவண்டிருந்தால் மாத்திரையோடு நிறுத்திக்கொள்வேன்.

மாத்திரை மட்டும் என்று முடிவெடுத்தாலும் அது கைவிடுவது ஆகாது. என் அம்மாவின் நாய்க்கு நானே அந்த வழியைத்தான் எடுத்தேன். பதின்மூன்று வயது, ஊசியைக் கண்டாலே நடுங்கும், காரில் ஏற்றினால் வாந்தி எடுக்கும். ஒன்பது வாரம் இருந்தது, அதில் ஏழு வாரம் தினமும் மாலையில் தெருமுனை வரை நடந்தது. மாத்திரையைக் காலையில் சாப்பாட்டோடு கொடுங்கள். தாகமும் பசியும் ஏறும், மூச்சு இரைக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே விடச் சொல்லி எழுப்புவான், திட்டாதீர்கள். நன்றாகிவிட்டான் என்று திடீரென நிறுத்தக் கூடாது. முட்டி வலிக்கென்று முன்பு எழுதிக் கொடுத்த மெலாக்ஸிகம் வீட்டில் மிச்சமிருந்தால் தூக்கிப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வந்து ஓட்டையே விழலாம். மனிதர் மாத்திரையான இபுப்ரோஃபென் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

இனி ஊரெல்லாம் உங்களுக்கு வைத்தியம் சொல்லும். மஞ்சள், பப்பாளி இலைச் சாறு, கோமியம், அரிசிச் சோற்றை நிறுத்திப் பச்சைக் கறி மட்டும் போடு என்று ஒரு பட்டியல் வரும். இவை லிம்போமாவை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பச்சைக் கறி மட்டும் கீமோ சமயத்தில் நிஜமாகவே ஆபத்து, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது அதிலுள்ள கிருமி போதும். வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, பழகிய தயிர் சாதம் எல்லாம் கொடுக்கலாம். வெங்காயமும் திராட்சையும் எப்போதும் போல ஆகாது. மற்றபடி அவன் ஆசைப்பட்டதைக் கொடுங்கள், எட்டு வருடம் டயட்டில் வைத்தது போதும்.

ஒரு நாள் கட்டிகள் திரும்பி வரும். கீமோ முடித்துச் சில மாதம் கழித்து வந்தால் அதே முறையை மறுபடி தொடங்கலாம், பல நாய்கள் மறுபடி மசியும், ஆனால் இரண்டாம் முறை கிடைப்பது முதல் முறையில் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோமஸ்டின், எல்-அஸ்பராஜினேஸ் என்று வேறு மருந்துகளும் உண்டு. அமெரிக்காவில் நாய் லிம்போமாவுக்கென்றே டனோவியா என்ற ஊசிக்கு 2021-இல் முழு அனுமதி கொடுத்தார்கள். அதை இங்கே தேடி அலைய வேண்டாம். மூன்றாம் முறை, நான்காம் முறை என்று போகிறவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் நானாக முன்வந்து சொல்வதும் இல்லை.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், "எப்போது போதும் என்று எப்படித் தெரியும்?" ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயத்துக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். எனக்கு மதிப்பெண்ணைவிடக் காலண்டர் பிடிக்கும். சுவரில் மாதக் காலண்டர் இருக்குமே, தினமும் ராத்திரி படுக்கும் முன் நல்ல நாளானால் ஒரு டிக், இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. பிரவுனி மட்டுமே செய்யும் மூன்று விஷயங்களை இப்போதே எழுதி வையுங்கள். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடுவது, தங்கையின் செருப்பை எடுத்துப்போவது என்று ஏதாவது இருக்கும். அதில் இரண்டு நின்றுபோய், வாரத்தில் பெருக்கல் குறிகள் கூடிவிட்டால் டாக்டரைக் கூப்பிடும் நேரம். இந்த வேலையை அப்பாவிடம் கொடுங்கள். கஷ்டப்படுத்தக் கூடாது என்று சொல்பவர் அவர்தானே, அவர் கண்ணுக்குத் தப்பாது.

அப்போது நடப்பது இதுதான். முதலில் மயக்க ஊசி, அவன் உங்கள் மடியில் தூங்கிப்போவான். அதன் பிறகே நரம்பில் அடுத்த மருந்து, சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கலாம், கடைசியில் ஒன்றிரண்டு மூச்சு இழுக்கலாம், அது வலி இல்லை. வீட்டுக்கே வந்து செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள், இப்போதே கேட்டு வைத்துக்கொண்டால் அன்று அலைய வேண்டாம்.

முழு ரத்த எண்ணிக்கை, கால்சியம், எர்லிக்கியா முடிவு, எந்த நெறியில் மாதிரி எடுத்தார்கள், பெரிய செல்லா சிறிய செல்லா, இந்த ஐந்தும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெரிய செல் லிம்போமா பொறுத்துக்கொண்டிருக்கும் நோய் இல்லை, இந்த வாரத்துக்குள் பாருங்கள். அதுவரை அட்டை ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கட்டும். நடுவில் பிரவுனிக்கு மூச்சுத் திணறினாலோ சாப்பாட்டை ஒதுக்கினாலோ மட்டும் எனக்காகக் காத்திருக்காமல் உங்கள் டாக்டரிடம் ஓடுங்கள்.